நான்கு யார்டு போதுமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் போடுவார்கள். மொத்த யார்டு, ஃபர்ஸ்ட் டவுன், பந்து கையில் இருந்த நேரம், பெனால்டி, பறிகொடுத்த பந்துகள். அதில் வர்ணனையாளர் முதலில் வாசிப்பது பெரும்பாலும் மொத்த யார்டைத்தான். எனக்கு அந்த எண்ணின் மேல் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. ஓர் அணி 500 யார்டு எடுத்தது என்றால், அதில் எவ்வளவு தேவைப்பட்ட நேரத்தில் வந்தது, எவ்வளவு வந்தும் பயன்படாமல் போனது என்று அந்த எண்ணிடம் கேட்டால் பதில் இல்லை. 12 யார்டு வேண்டிய இடத்தில் 9 யார்டு ஓடிவிட்டு, அடுத்த நிமிடமே பந்தை எதிரணியிடம் உதைத்துக் கொடுப்பதும், ஒரு யார்டு வேண்டிய இடத்தில் முட்டிமோதி இரண்டு யார்டு எடுப்பதும் ஒரே கூட்டலில் சேர்ந்துவிடுகின்றன. கூட்டலில் முன்னது பெரியது. களத்தில் அணியைக் காப்பாற்றுவது பின்னது.

ஆகவே நான் ஆட்டத்தை வேறு விதமாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு முறை பந்து ஸ்னாப் ஆகி (தரையிலிருந்து பின்னால் கொடுக்கப்பட்டு), விசில் ஊதி ஓயும்வரை நடப்பதை ஒரு 'பிளே' என்கிறார்கள். அந்த ஒரு பிளே வெற்றியா, இல்லையா என்பதை அங்கேயே தீர்மானித்து எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவது. ஸ்கோர் என்ன, போன பிளேயில் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வரக்கூடாது. அந்த நேரத்தில் என்ன தேவைப்பட்டது, என்ன கிடைத்தது, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானம் 100 யார்டு. எதிர்முனையில் இருக்கும் கோல் கோட்டைத் தாண்டி எண்ட் சோன் என்ற பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி முதல் டவுனிலிருந்து தொடங்கலாம், ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்தது என்பது இதைத்தான். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் நான்காவது டவுன் வந்தாலே பெரும்பாலான பயிற்சியாளர்கள் பந்தைத் தூர உதைத்துவிடுவார்கள், அது பண்ட். கோல் கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் 3 புள்ளிக்காக உதைப்பார்கள், அது ஃபீல்டு கோல். அதாவது காகிதத்தில் நான்கு வாய்ப்பு, நடைமுறையில் மூன்று. இந்த மூன்றா நான்கா என்ற சிக்கலுக்குப் பிறகு திரும்ப வருகிறேன். பிளேக்களை மதிப்பிடுவதில் பாதிச் சண்டை அங்கேதான் இருக்கிறது.

பிளே பிளேயாக மதிப்பிடும் யோசனை இன்று நேற்று வந்ததல்ல. விர்ஜில் கார்ட்டர் என்று ஒரு குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், பிறகு தொழில்முறை லீகில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு ஆடினார். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மக்கோலுடன் சேர்ந்து 1971-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1969 சீசனின் பிளேக்களை எடுத்துக்கொண்டு, மைதானத்தின் இன்ன இடத்தில் முதல் டவுன் கிடைத்தால் சராசரியாக அது எத்தனை புள்ளிக்குச் சமம் என்று கணக்குப் போட்டார்கள். எதிரணியின் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் அது ஏறக்குறைய 6 புள்ளி. சொந்தக் கோல் கோட்டை ஒட்டி நிற்கும்போதோ பூஜ்யத்துக்கும் கீழே: பந்து உங்கள் கையில் இருந்தும், அடுத்துப் புள்ளி எடுக்கப்போவது எதிரணியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். களத்தில் அடிவாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆட்டக்காரரே உட்கார்ந்து இதைக் கணக்கிட்டார் என்பது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் விஷயம்.

அதற்கு அடுத்த பெரிய அடி 1988-ல். பாப் கேரல், பீட் பாமர், ஜான் தோர்ன் மூவரும் எழுதிய 'தி ஹிட்டன் கேம் ஆஃப் ஃபுட்பால்' என்ற புத்தகம் ஒரு எளிய அளவுகோலைத் தந்தது. தேவைப்படும் தூரத்தில் முதல் டவுனில் 40 சதவீதம், இரண்டாவதில் 60 சதவீதம், மூன்றாவதில் முழுவதும் எடுத்தால் அந்த பிளே வெற்றி. கல்லூரி ஆட்டத்துக்கு இந்த அளவுகோலை எடுத்துவந்து பரப்பியவர் பில் கானலி என்ற விளையாட்டு எழுத்தாளர். அவர் வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினார்: முதல் டவுனில் 50, இரண்டாவதில் 70, மூன்றாவதிலும் நான்காவதிலும் 100. இப்படி வெற்றி பெற்ற பிளேக்களின் பங்குக்கு 'சக்சஸ் ரேட்' என்று பெயர். கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும்போது 9 அடித்தவரை யாரும் 'ஓவருக்கு 9, நல்ல ரேட்' என்று பாராட்ட மாட்டார்கள் அல்லவா, அதே நியாயம்தான் இதிலும்.

50, 70, 100 என்பது வாய்க்கு வந்த எண்கள் அல்ல. முதல் டவுனில் 10 யார்டு வேண்டும்; 5 எடுத்தால் இரண்டாவது டவுனில் மிச்சம் 5. அப்போது ஓடவும் செய்யலாம், பந்தை வீசவும் செய்யலாம். தடுக்கிற அணி இரண்டுக்கும் தயாராக நின்றாக வேண்டும். இரண்டாவது டவுனில் 10 மிச்சம் இருந்து 7 எடுத்தால் மூன்றாவதில் 3. அது பிழைக்கக்கூடிய தூரம். மாறாக, முதல் டவுனில் 2, இரண்டாவதில் ஒன்றுமில்லை என்றால் மூன்றாவதில் 8. இனி பந்தை வீசுவதுதான் வழி என்று மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தடுக்கிற லைன்மேன் (முன்வரிசையில், அதாவது லைனில் நிற்பவர்) கைகளை ஊன்றி, குவார்ட்டர்பேக்கைத் தவிர வேறு யாரையும் நினைக்காமல் பாயலாம். 'தேர்டு அண்ட் லாங்' என்று வர்ணனையாளர்கள் சலிப்போடு சொல்லும் இடம் அது. அங்கே குவார்ட்டர்பேக் தோற்றதாகப் பழி விழும். பழி போக வேண்டியது முதல் டவுனில் 2 யார்டு ஓடிய பிளேக்கு. பிளே பிளேயாக எழுதிவைத்தால் அது கண்முன் தெரியும். மூன்றாவது டவுனில் நடந்த விபத்துக்கு விதை முதல் டவுனில் விழுந்திருக்கும்.

நான் எழுதுவது சாதாரண நோட்டில்தான். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரு அணிக்கும் பிரித்துக்கொள்வேன். ஒரு வரியில் டவுன், தேவை, பந்து இருக்கும் இடம், ஓட்டமா வீச்சா, கிடைத்தது, கடைசியில் வெற்றி என்றால் டிக், தோல்வி என்றால் கோடு. '1–10, சொந்த 25, ஓட்டம் இடப்பக்கம், 6, டிக்.' '2–4, 31, வீச்சு, 0, கோடு.' '3–4, 31, ஓட்டம், 4, டிக்.' இப்படி ஓர் அணிக்கு ஏறக்குறைய 70 வரி சேரும். இரண்டாம் கால்பகுதி முடிவதற்குள் பக்கத்தின் வலது ஓரத்தை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாலே ஆட்டத்தின் நாடி தெரிந்துவிடும். டிக் தொடர்ச்சியாக வரும் அணி, ஸ்கோரில் பின்தங்கியிருந்தாலும் அமைதியாக ஆடிக்கொண்டிருக்கும். ஸ்கோரில் முந்தியிருந்தும் கோடுகளாகவே வரிசை போகும் அணியின் பயிற்சியாளர் பக்கக்கோட்டில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருப்பார்.

முதன்முதலில் இப்படி எழுதுகிறவர்களை ஆச்சரியப்படுத்துவது தோல்விகளின் எண்ணிக்கை. கல்லூரி ஆட்டத்தில் சராசரி அணியின் பிளேக்களில் ஐந்தில் இரண்டுதான் வெற்றி. மிச்சம் எல்லாம் கோடு. நாட்டின் மிகச் சிறந்த தாக்குதல் அணிகள் பாதியைத் தொட்டாலே பெரிய விஷயம். இது தெரியாமல் பார்த்தால், ஒவ்வொரு தோற்ற பிளேக்கும் யாராவது தப்பு செய்துவிட்டார்கள் என்று தோன்றும். பயிற்சியாளரைத் திட்டத் தோன்றும். எதிரே நிற்கும் 11 பேரும் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வாரம் முழுக்க இதற்காகவே பயிற்சி எடுத்தவர்கள். அவர்களுக்கு எதிராக ஐந்தில் இரண்டு என்பது கௌரவமான கணக்கு.

இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டிய ஆட்டம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், 2006 ஜனவரி 4 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடந்த ரோஸ் பவுலைத்தான் சொல்வேன். தேசியச் சாம்பியன் யார் என்று தீர்மானித்த ஆட்டம். டெக்சாஸ் பல்கலைக்கழகம் 41, யு.எஸ்.சி. (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 38. அதற்கு முன் 34 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த யு.எஸ்.சி. அன்று தோற்றது. டெக்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினுக்கு நான் குடிவந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் இந்த ஊரில் வசித்துக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. பதிவை நோட்டோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், இப்போதும் பார்க்கிறேன். வின்ஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கின் ஆட்டம் என்றே அது நினைவில் நிற்கிறது. 267 யார்டு வீசினார், 200 யார்டு ஓடினார். அதெல்லாம் உண்மை. மொத்த யார்டு பட்டியலை எடுத்துப் பாருங்கள்: யு.எஸ்.சி. 574, டெக்சாஸ் 556. அதை மட்டும் வைத்துக்கொண்டு யார் நன்றாக ஆடினார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

முதல் பாதியில் யு.எஸ்.சி.யின் மூன்று பிளேக்களைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். டெக்சாஸின் 17 யார்டு கோட்டில், அதாவது அவர்களுடைய கோல் கோட்டுக்கு 17 யார்டு தூரத்தில், நான்காவது டவுன், ஒரு யார்டு வேண்டும். பயிற்சியாளர் பீட் கேரல் 3 புள்ளியை விட்டுவிட்டு முன்னேறப் பார்த்தார். குவார்ட்டர்பேக் மாட் லைனார்ட் பந்தோடு நடுவில் நுழைந்தார், கிடைக்கவில்லை. கோடு. இன்னொரு சமயம் ரெஜி புஷ் ஒரு வீச்சைப் பிடித்துக்கொண்டு 30 யார்டுக்கு மேல் ஓடினார். அங்கேயே விழுந்திருந்தால் பெரிய டிக். விழுவதற்கு முன் பக்கத்தில் ஓடிவந்த சக வீரரை நோக்கிப் பந்தைப் பின்பக்கமாகத் தள்ளினார். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பந்து தரையில் உருண்டது, டெக்சாஸின் மைக்கேல் ஹஃப் எடுத்துக்கொண்டார். அந்த ஓட்டம் மொத்த யார்டுக் கணக்கில் இன்றும் இருக்கிறது! பந்தைப் பறிகொடுத்த பிளேயில் எத்தனை யார்டு ஓடினாலும் நான் கோடுதான் போடுவேன். மூன்றாவது, லைனார்ட் எண்ட் சோனுக்குள் வீசிய பந்தை டெக்சாஸின் மைக்கேல் கிரிஃபின் குறுக்கே ஓடிவந்து பிடித்தது. எதிரணி வாசல் வரை போய்ப் புள்ளியே இல்லாமல் திரும்பிய மூன்று பயணங்கள். இடைவேளையில் டெக்சாஸ் 16, யு.எஸ்.சி. 10.

டெக்சாஸ் பக்கம் ஒரு பிளேயைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. வின்ஸ் யங் ஓடிக்கொண்டே பந்தைப் பக்கத்தில் வந்த செல்வின் யங்கிடம் தட்டிவிட, அவர் டச்டவுன் எடுத்தார். பதிவை நிறுத்திப் பார்த்தால், பந்து கையை விட்டுப் போகும் முன்பே வின்ஸ் யங்கின் முழங்கால் தரையைத் தொட்டுவிட்டது தெரியும். கல்லூரி விதிப்படி முழங்கால் தொட்டால் பிளே அங்கேயே முடிந்தது. நடுவர்களுக்கான மறுபார்வைக் கருவி அந்த நேரத்தில் வேலை செய்யாமல் இருந்தது, டச்டவுன் நின்றது. ஸ்கோரில் 6 புள்ளி வித்தியாசம் என்றால் பெரிய அநியாயம். என் நோட்டில் அது அவ்வளவு பெரிதில்லை. முழங்கால் தொட்ட இடத்திலேயே நிறுத்தியிருந்தாலும் அந்த ஓட்டம் நல்ல ஓட்டமாகவே நின்றிருக்கும், பந்தும் டெக்சாஸிடமே இருந்திருக்கும். ஆட்டக்காரர் செய்ததையும் நடுவர் தந்ததையும் பிரித்துப் பார்க்க இந்த முறை உதவுகிறது.

இரண்டாம் பாதியில் யு.எஸ்.சி. ஆடிய ஆட்டத்தைப் பற்றி இந்த ஊரில் யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுவேன். முதல் நான்கு முறை பந்து கையில் வந்தபோதும் நான்கு டச்டவுன். தடுக்க முடியாத தாக்குதல் என்றால் அதுதான். லெண்டேல் வைட் என்ற கனமான ஓட்டக்காரர் லைனைப் பிளந்துகொண்டு போனார். அதில் ஒன்று நான்காவது டவுனில் ஒரு யார்டு வேண்டும்போது 12 யார்டு ஓடி எடுத்த டச்டவுன். ஆட்டம் முடிய 6 நிமிடம் 42 விநாடி இருக்கும்போது யு.எஸ்.சி. 38, டெக்சாஸ் 26. அடுத்து டெக்சாஸ் விரைவாக ஒரு டச்டவுன் எடுத்து 33-க்கு வந்தது.

பிறகு வந்ததுதான் இத்தனை வருடமாக விவாதிக்கப்படும் பிளே. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம். டெக்சாஸின் 45 யார்டு கோடு. நான்காவது டவுன், இரண்டு யார்டு வேண்டும். எடுத்துவிட்டால் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது. கேரல் பண்ட் உதைக்கவில்லை. பந்து வைட்டிடம் போனது. கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை அந்த சீசனில் வாங்கிய புஷ் பக்கக்கோட்டில் நின்றுகொண்டிருந்தார். டெக்சாஸ் லைன் மொத்தமும் நடுவில் குவிந்தது. வைட்டுக்குக் கிடைத்தது ஒரு யார்டு.

அந்த ஒரு பிளேயில் நான் இரண்டு தீர்ப்பு எழுதுகிறேன். பிளே தோல்வி, அதில் சந்தேகமில்லை. ஆனால் முடிவு சரி. அதுவரை இரண்டாம் பாதி முழுக்கத் தடுக்கப்படாத அணி, 20 முறை ஓடி 124 யார்டு எடுத்த ஓட்டக்காரர், எதிரே நிற்பதோ யாராலும் பிடிக்க முடியாத வின்ஸ் யங். பண்ட் உதைத்தால் 30 யார்டு கூடுதலாக ஓடவேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் அவருக்கு அது தடையாக இருந்திருக்காது. கேரலைக் குறை சொல்ல வேண்டுமானால் புஷ்ஷை வெளியே நிறுத்தியதற்குச் சொல்லலாம். புஷ் களத்தில் இருந்தாலே இரண்டு தடுப்பாளர்களின் கண் அவர் பக்கம் போயிருக்கும். துணிந்ததற்காகக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தோற்ற பிளேயையும் தவறான முடிவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல பயிற்சியாளர்கள் அடுத்த வருடம் பயந்து பண்ட் உதைக்கிறார்கள்.

டெக்சாஸின் கடைசிப் பயணத்தில் அதைவிடவும் நுணுக்கமான பிளே ஒன்று உண்டு, அதை யாரும் நினைவு வைப்பதில்லை. மூன்றாவது டவுன், 12 யார்டு வேண்டும். வின்ஸ் யங் வீசிய பந்தைக் குவான் காஸ்பி பிடித்தார், 7 யார்டு. தோல்வி. நான்காவது டவுன், 5 யார்டு என்று வந்திருக்க வேண்டும். ஆனால் அவரை வீழ்த்தும்போது யு.எஸ்.சி. வீரரின் கை ஹெல்மட்டின் முகக் கம்பியில் மாட்டியது. 5 யார்டு பெனால்டி. 7-ம் 5-ம் 12. சரியாக ஃபர்ஸ்ட் டவுன். டெக்சாஸின் தாக்குதல் அந்த பிளேயில் தோற்றது, டெக்சாஸ் என்ற அணி வென்றது. என் நோட்டில் கோடு போட்டு, பக்கத்தில் 'பெனால்டி' என்று எழுதியிருக்கிறேன். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு 8 யார்டு கோட்டில், நான்காவது டவுன், 5 யார்டு. வின்ஸ் யங் வீச இடம் பார்த்தார், கிடைக்கவில்லை, வலப்பக்க மூலையை நோக்கி ஓடினார், டச்டவுன். 19 விநாடி மிச்சம். அந்த டிக்கை எழுதும்போது இப்போதும் எனக்குப் பேனா அழுந்தும்.

இந்த அளவுகோலுக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. பெரியது இது: 2013 நவம்பர் 30, ஆபர்ன் மைதானத்தில் அலபாமாவுக்கும் ஆபர்னுக்கும் நடந்த ஆட்டம். கடைசி விநாடியில் தவறிப்போன ஃபீல்டு கோலைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடிய கிறிஸ் டேவிஸுக்காக எல்லோருக்கும் நினைவிருக்கும் ஆட்டம். அதே ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் அலபாமாவின் ஏ.ஜே. மெக்காரன் அமாரி கூப்பருக்கு வீசி 99 யார்டு டச்டவுன் எடுத்தார். சக்சஸ் ரேட் கணக்கில் அது ஒரு டிக். முதல் டவுனில் லைன்மேன்கள் உந்தி எடுத்த 5 யார்டும் ஒரு டிக். இரண்டும் சமம் என்று எந்த ரசிகரும் ஒப்புக்கொள்ள மாட்டார். கானலியும் ஒப்புக்கொள்ளவில்லை, அதனால்தான் எவ்வளவு தடவை வென்றது என்பதை ஒரு கணக்காகவும், வென்றபோது எவ்வளவு பெரிதாக வென்றது என்பதை இன்னொரு கணக்காகவும் வைத்தார். நான் 20 யார்டுக்கு மேல் போனவற்றுக்கு டிக்கைச் சுற்றி வட்டம் போடுகிறேன். வட்டம் நிறைய இருந்து டிக் குறைவாக இருக்கும் அணியை அடுத்த வாரம் நம்பிப் பார்க்க முடியாது. பெரிய பிளேக்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை. 5 யார்டு ஓட்டம் பழக்கத்தால் வருவது.

இப்போது மூன்றா நான்கா என்ற கேள்வி. ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் ஆகிய ராணுவக் கல்லூரி அணிகள் நெடுங்காலம் ஆடிவந்த, ஓட்டத்தையே பெரிதும் நம்பும் டிரிபிள் ஆப்ஷன் முறையில் முதல் டவுனில் நடுவில் ஒரு பாய்ச்சல், 4 யார்டு. கானலியின் 50 சதவீதக் கணக்கில் அது தோல்வி. 1988 புத்தகத்தின் 40 சதவீதக் கணக்கில் வெற்றி. எது சரி? பயிற்சியாளர் நான்காவது டவுனிலும் ஓடத் தயாராக இருந்தால் 4, 3, 2 என்று எடுத்து ஒரு யார்டை மிச்சம் வைத்தாலே போதும். அந்த அணிக்கு 4 யார்டு முழு வெற்றி. நான்காவதில் பண்ட் உதைத்தே தீரும் அணிக்கு அதே 4 யார்டு கொஞ்சம் குறைவு. ஆகவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: முதல் டவுனில் 4 யார்டு போதுமா என்பதை, நான்காவது டவுனில் அந்தப் பயிற்சியாளர் என்ன செய்வார் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். துணிந்த பயிற்சியாளரின் அணிக்கு நான் 4-க்கு டிக் போடுகிறேன்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கல்லூரி விதிப்படி குவார்ட்டர்பேக்கைப் பின்னால் வீழ்த்தினால், அந்த இழப்பை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். பந்து வீசப் போனபோது நடந்ததை ஓட்டத்தின் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் வீச்சின் தோல்வியாகவே எழுதுகிறேன். 40 புள்ளி முந்தியிருக்கும் அணி கடைசிக் கால்பகுதியில் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கி நேரத்தைக் கழிக்கும்போது எழுதுவதை நிறுத்திவிடுவேன். செப்டம்பரில் பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்துச் சிறிய அணிகளை அழைத்து ஆடும் ஆட்டங்களில் இது அடிக்கடி நடக்கும்.

எண்களுக்கு அப்பால் இருப்பதை எனக்குக் காட்டியவர் எதிர்வீட்டுக்காரர். பள்ளி அணி ஒன்றில் லைன் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். என் நோட்டைப் பார்த்துவிட்டு, பந்தைப் பார்க்காமல் ஒரு பயணம் முழுக்க இடப்பக்க கார்டை (லைனில் நடு ஆளுக்கு அடுத்து நின்று ஓட்டக்காரருக்கு வழி திறப்பவர்) மட்டும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மூன்றாவது பிளேயில் அந்த கார்டு தன் இடத்தை விட்டுக் கிளம்பி, லைனுக்குப் பின்னால் வலப்பக்கம் வளைந்து ஓடி, வெளியே நின்ற எதிரணி லைன்பேக்கரின் நெஞ்சில் தோள்பட்டையால் மோதி அப்படியே பக்கவாட்டில் தள்ளினான். கதவு திறந்தது. ஓட்டக்காரர் அந்தக் கதவைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பி ஆட்கள் நடுவில் மாட்டிக்கொண்டார். ஒரு யார்டு. என் நோட்டில் கோடு. எதிர்வீட்டுக்காரரின் கணக்கில் அந்த கார்டு பையனுக்கு முழு மதிப்பெண். பயிற்சியாளர்கள் அப்படித்தான் போடுகிறார்கள்: ஆட்டம் முடிந்த மறுநாள் பதிவை ஓட்டி ஓட்டி, ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு பிளேக்கும் பிளஸ் அல்லது மைனஸ். தன் ஆளை அடையாளம் கண்டானா, முதல் காலடி சரியாக வைத்தானா, விசில் வரை விடாமல் தள்ளினானா என்பதே அங்கே கேள்வி. யார்டுக்கு அதில் இடமே இல்லை. பிளே தோற்று, பத்துப் பேர் பிளஸ் வாங்குவதும் நடக்கும்.

அதிலிருந்து ஓட்டப் பிளேக்களுக்கு மட்டும் நோட்டில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறேன்: லைன் வென்றதா? தொலைக்காட்சியில் பார்த்தால் அதைப் பாதிக்குமேல் நிரப்ப முடிவதில்லை. கேமரா பந்தைத்தான் துரத்துகிறது. ஸ்னாப் ஆன அடுத்த நொடியே லைனின் வலது ஓரத்தில் நிற்கும் டேக்கிளும் வீச்சைப் பிடிக்கத் தூர நிற்கும் ரிசீவரும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். தொழில்முறை லீக் 2012-ல் 22 பேரும் தெரியும் பதிவை ரசிகர்களுக்கும் கொடுக்கத் தொடங்கியது. கல்லூரி அணிகளிடமும் அதே கோணத்தில் எடுத்த பதிவு இருக்கிறது. எதிரணியைப் படிக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரசிகர்களுக்கு மட்டும் பொதுவாகக் கிடைப்பதில்லை. அதைத் திறந்துவிட வேண்டும், மொத்த யார்டுக்குப் பக்கத்தில் சக்சஸ் ரேட்டையும் திரையில் போட வேண்டும். பல்கலைக்கழகங்களின் ஆட்டம் இது. படிப்பதற்கு ஒன்றைக் கேட்டால் கொடுப்பதில் என்ன தடை? அதுவரை மைதானத்துக்குப் போகிறவர்கள் நடுக்கோட்டு விலையுயர்ந்த இருக்கையை விட்டுவிட்டு எண்ட் சோன் பக்கம் மேலே உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் இடைவெளி எந்தப் பக்கம் திறக்கிறது என்பது ஓடுகிறவருக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.